மாப்பிள்ளை மாற்றிய பேட்டரி

அஸர் தொழுதுவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றி அலமாரியில் வைக்கப் போனபோதுதான் அந்த வாஷரைப் பார்த்தேன். நான்காக மடித்த காகிதத்தின் மேல், கழுவித் துடைத்து, மோதிரத்தைப் போலப் பத்திரமாக யாரோ வைத்திருந்தார்கள். கனமான இரும்பு வட்டம், அதன் ஓரத்தில் வெளியே நீண்ட ஒரு சின்ன நாக்கு. அது என்ன, எங்கே இருக்க வேண்டியது, அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் எனக்கு ஒன்றாகத் தெரிந்துவிட்டன. நோன்பு அசதியை மறந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

மணி நாலு பத்து. என் மனைவி பள்ளிக்கூடம் முடிந்து கிளம்பியிருப்பாள். அவள் ஓட்டி வரும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தில் இந்த வாஷர் இருக்க வேண்டும். அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவன் நான்.

"மாமி! இது எங்க இருந்துச்சு?"

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. அடுப்படியில் நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். நான் பேசினால் எழுந்து நிற்பது அவர் வழக்கம்.

"மத்தியானம் உளுந்து பொடைக்கையில மொறத்துல கெடந்துச்சு மாப்ள. நீங்க வண்டி வேல பாத்தப்ப உளுந்து பாய்ல விழுந்திருக்கும்போல. கழுவி வச்சேன்."

"மத்தியானமே சொல்லக் கூடாதா?"

"நீங்க வேணாம்னு எடுத்துப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். மாப்ள பாத்த வேலையில நான் என்னத்தப் போயி கேக்குறது?"

கோபம் உச்சிக்கு ஏறியது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்ல? தப்பு மாட்டியவனுடையது. எடுத்து வைத்தவருடையது அல்ல. போனை எடுத்து மனைவிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

வண்டி ஓட்டும்போது அவள் போன் எடுக்க மாட்டாள். அது நான் போட்ட சட்டம். அங்கே வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "வண்டியில போறப்ப போனைத் தொடாதே" என்று ஓதியது நான்தான். இப்போது அந்தச் சட்டத்தை மீறித் தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகினேன். வாஷரைச் சட்டைப்பையில் போட்டேன். வாசலில் மச்சினனின் பழைய பைக் நின்றது. என் மனைவியின் தம்பி கல்யாணமாகி அவன் பெண்டாட்டி வீட்டுக்குப் போனபோது இங்கேயே விட்டுப்போனது. மூன்று உதையில் கிளம்பியது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதிராம்பட்டினத்தில் எங்களைப் போன்ற பல குடும்பங்களில் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்கு. அங்கே மாப்பிள்ளை என்பவர் சாகும்வரை விருந்தாளி. மீனில் நடுத்துண்டு அவருக்கு. தேநீர் அவர் கேட்பதற்கு முன்னால் வரும். அவர் உட்கார்ந்தால் ஃபேன் தானாகச் சுற்றும். அவர் செய்ததில் குறை சொல்வது மட்டும் அந்த வீட்டில் நடக்காது.

கல்யாணமான நாற்பதாம் நாள் நான் விமானம் ஏறியவன். இருபத்திரண்டு வருஷம் பாலைவனத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவேன், நடுத்துண்டு சாப்பிடுவேன், போவேன். போன வருஷம் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். என் மனைவி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு நான் இல்லாமல் ஓடப் பழகியிருந்தது. கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

சும்மா இருக்க முடியாமல், வந்த முதல் மாதம் கூடத்து ஃபேனை அவிழ்த்து மாட்டினேன். எங்கேயோ வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றி, காற்றை மேலே தள்ளியது. மாமி மூன்று நாள் வியர்த்து வழிந்தபடி அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். "காத்து வருதா மாமி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். நான்காம் நாள் நானாகப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

ஸ்கூட்டர் அவளுடையது. நான் அங்கே இருந்தபோது, அவள் தன் சம்பளத்தில் வாங்கியது. காலடியில் ஐந்து பழைய காலத்துப் பேட்டரிகள், இருபத்தைந்துக்கு மேல் போகாத வேகம். வருஷங்கள் ஓட ஓட பேட்டரி நோஞ்சானாகி, போய்த் திரும்புவதற்கே மூச்சு வாங்கியது. ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது செருப்பு வார் அறுந்திருந்தது, முந்தானை நனைந்திருந்தது. கேட்டதற்கு "ஒண்ணுமில்லங்க" என்று எனக்குத் தேநீர் போடப் போனாள். ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று மறுநாள் பள்ளிவாசலில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

"இனிமே நீ ஒரு அடி தள்ளக் கூடாது. நான் இருக்கேன்" என்றேன். நானே எழுந்து நின்று பிரகடனம் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பேட்டரிய மட்டும் மாத்தினாப் போதுங்க" என்றாள்.

பேட்டரியை மட்டும் மாற்றுவதற்கு நான் எதற்கு? லித்தியம் பேட்டரி வரவழைத்தேன், பழையதைவிடக் கூடுதல் வோல்ட்டில். அதற்கு ஈடுகொடுக்கக் கன்ட்ரோலர் வரவழைத்தேன். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று தீர்மானிக்கும் பெட்டி அது. பழையதைப்போல இரண்டு மடங்கு தள்ளும். அதில் இன்னொரு வித்தையும் இருந்தது. பிரேக்கைத் தொட்டாலே மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுத்து, கொஞ்சம் சார்ஜைத் திருப்பித் தரும். அதை உச்சத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொல்லையில் வேலை. பக்கத்திலேயே மாமி, வயல்காரர்களிடம் வாங்கிய புது உளுந்தைப் பாயில் பரப்பிக் காயவைத்திருந்தார். மோட்டார் அந்த வண்டியில் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். சக்கரத்தைக் கழற்றி டயரையும் மாற்றினேன். சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி ஒரு பலகையில் வரிசையாக வைத்தேன். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைத்ததும் எழுந்து போனேன். திரும்பி வந்து மாட்டினேன். இடதுபக்கம் வாஷர் போட்டது நினைவிருக்கிறது. வலதுபக்கம் போட்டேனா? மூன்று நாளாக அந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை.

அவளைத் தெருவில் ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னேன். போனாள், வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குங்க."

அக்கம்பக்கத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அதே தெருவைத் தாண்டி பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறேன். ஊர் எல்லையில் தென்னந்தோப்புகள் முடிந்து அறுவடையான வயல்கள் தொடங்கின. மார்ச் மாதத்து வெயில் சாய்ந்தும் சூடு குறையவில்லை. தொண்டையில் எச்சில் இல்லை. சட்டைப்பையில் அந்த வாஷர் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. சக்கரம் முன்னால் சுழலும்போது அதன் நடு அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்வது அந்த வாஷரின் நாக்கு. நாக்கு இல்லையென்றால், முறுக்கும்போது அச்சு ஒரு பக்கம் அசையும். என் வித்தையால் பிரேக் பிடிக்கும்போது மறுபக்கம் அசையும். முன்னும் பின்னும் அசைந்து அசைந்து நட்டு கழன்றுகொண்டே வரும். பழைய கன்ட்ரோலர் என்றால் வருஷக்கணக்கில் தாங்கியிருக்கும். இது தாங்காது. நட்டு விழுந்தால் சக்கரம் சாயும். அச்சு முழுதாகச் சுற்றினால் அதன் வழியாக வெளியே வரும் வயர்கள் முறுகி அறுந்து ஒன்றோடொன்று ஒட்டும். சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். எதிரே ஒரு லாரி வந்தால்? அந்த இடத்தில் கணக்கை நிறுத்தினேன். மறுபடி அதுவாகவே தொடங்கியது.

அவளுக்குப் பிரேக் பிடிக்காமல் வரவும் வழியில்லை. இந்த மாதம் எங்கள் பக்கத்துக் கிராம ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்து உளுந்து உதிரும். ஐம்பதடிக்கு ஒரு பரப்பு. ஒவ்வொன்றிலும் பிரேக் பிடித்து, மெல்ல ஏறி, மெல்ல இறங்க வேண்டும். ஒன்பது கிலோமீட்டருக்கு எத்தனை பரப்பு? எத்தனை தடவை அந்த அச்சு அசைந்திருக்கும்?

ஓரமாக நிறுத்தி மறுபடி போன் அடித்தேன். எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அடித்தேன். காவலுக்கு இருப்பவர் எடுத்தார்.

"டீச்சர் நாலு மணிக்கே போயிட்டாங்களே பாய்."

மணி நாலு இருபத்தைந்து. வழக்கமாக இந்நேரம் பாதி வழியில் எனக்கு எதிரே வந்திருக்க வேண்டும். புது கன்ட்ரோலர் போட்ட வண்டி இன்னும் சீக்கிரமாகவே வர வேண்டும். ரோட்டில் தூரத்தில் எது அசைந்தாலும் அவளாகத் தெரிந்தது. கிட்டே போனால் ஆட்டுக்காரர், பால்காரர், மொபெட்டில் புல்லுக்கட்டு.

ஆறாவது கிலோமீட்டரில் பெரிய பரப்பு ஒன்று. மூன்று பெண்கள் குச்சியால் செடியைக் கிளறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பைக்கை நிறுத்தினேன்.

"பச்சைக் கலர் ஸ்கூட்டர்ல ஒரு டீச்சர் இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"டீச்சரம்மாவா? எம் பேத்திக்கு அவுங்கதானே டீச்சரு. வந்தாங்களே. ஒரு கால் மணி நேரம் இருக்கும்" என்றார் அவர்களில் மூத்தவர். என் கோலத்தைப் பார்த்து, "ஏன் பாய், என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"வண்டி நல்லா ஓடிச்சா?"

"பொட்டிக்குள்ள எலி பூந்த மாதிரி சத்தம் வந்துச்சு. எங்க செடிய மிதிச்சுக்கிட்டு மெதுவாத்தான் போனாங்க." அவர் சேலை முனையில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்தார். "அவுங்க போனப்புறம் செடியப் பொரட்டுனா இது கெடந்துச்சு. உளுந்தோட மிஷின்ல போயிருந்தா பல்லு ஒடஞ்சிருக்கும். ஒங்க வண்டியோடதா பாருங்க."

என் உள்ளங்கையில் அவர் வைத்தது பின் சக்கரத்தின் நட்டு. நான் ஞாயிற்றுக்கிழமை முறுக்கிய நட்டு. அதன் ஒரு முனையில் என் ஸ்பேனர் வழுக்கிய கீறல்கூட இருந்தது. அது இன்னும் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்துக்கு முன்னால் நட்டு விழுந்திருக்கிறது. வண்டி ஊரைப் பார்த்துப் போயிருக்கிறது. நான் ஊரிலிருந்து வந்திருக்கிறேன். நடுவில் அவளைப் பார்க்கவில்லை. வாய்விட்டு "யா அல்லாஹ்" என்றேன். அந்தப் பெண்கள் கிளறுவதை நிறுத்திவிட்டார்கள்.

"நடுவுல பாதை எதாச்சும் பிரியுதா?"

"அந்தப் புளிய மரத்துக்கிட்ட வாய்க்கா கரைக்கு ஒரு மண் ரோடு எறங்குது. ஆனா அதுல யாரு போவா, சுத்து வழியாச்சே?"

யார் போவார்கள் என்று நானும் யோசித்தேன். விழுந்து, யாராவது தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தால் ரோட்டில் வண்டி கிடக்கும். கிடக்கவில்லை. பைக்கைத் திருப்பி அந்த மண் ரோட்டில் இறங்கியதும் தரையைப் பார்த்தேன். நான் போட்ட புது டயரின் பட்டை புழுதியில் தெளிவாக இருந்தது. நேராக இல்லை. பாம்பு ஊர்ந்தது போல வளைந்து வளைந்து போனது. அதன் பக்கத்திலேயே செருப்புக் கால் தடம்.

தடத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நடக்கிறாள். நடக்கிற அளவுக்கு இருக்கிறாள்.

ஆனாலும் அரை கிலோமீட்டர் போய், மதகுக் கட்டையில் அந்தப் பச்சை ஸ்கூட்டர் சாத்தி நின்றதையும் பக்கத்தில் யாரும் இல்லாததையும் பார்த்தபோது, வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டாளோ என்று தோன்றியது. பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, பாளம் பாளமாக வெடித்த சேறுதான். எட்டிப் பார்த்தேன். மதகின் நிழலில், படிக்கட்டில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்து, உதடு காய்ந்து போயிருந்தது. கையில் போன்.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தாள். "நீங்க எதுக்குங்க இந்த வெயில்ல வந்தீங்க?"

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. "போன எடுக்கிறதுக்கென்ன உனக்கு? எத்தன தடவ அடிக்கிறது? நான் செத்துப் போயிட்டேன் தெரியுமா இந்த அரை மணி நேரத்துல!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சேறு வெடித்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எடுத்தா எங்க இருக்கேன்னு கேப்பீங்க. தள்ளிக்கிட்டு வர்றேன்னு சொன்னா உங்களுக்கு மனசு சங்கடமாயிடும். அவ்ளோ ஆசையா செஞ்சீங்க. வண்டி ஸ்கூல்ல நிக்குது, பஸ்ல வர்றேன்னு சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். நோன்பு வச்சுக்கிட்டு பொய் சொல்ல வாய் வரல. அதான் எடுக்கல."

நான் அவளுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்க முடியவில்லை.

"மெக்கானிக்குக்குப் போன் பண்ணிருக்கலாம்ல?"

"வீட்ல மாப்பிள்ளையே மெக்கானிக்கு. அவங்க வண்டிய வெளியாளு வந்து தூக்கிட்டுப் போனா ஊருல என்ன பேசுவாங்க?"

"அதுக்காகவா ரோட்ட விட்டுட்டு இந்தப் பக்கம் வந்த?"

"தள்ளுறத யாராச்சும் பாத்தா உங்களுக்குத்தானே கொறச்சல்."

"சத்தம் எப்பலேருந்து வருது?"

பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நோன்பு அவளை விடவில்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து. பிரேக் புடிச்சா அடியில டக்குனு ஒண்ணு அடிக்கும். நேத்து வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. இன்னைக்கி உளுந்துல ஏறி எறங்குனப்ப சக்கரம் ஆடிச்சு. கொஞ்ச தூரம் போயி உடனே எறங்கிட்டேன்."

மூன்று நாள். காலடியில் டக் டக்கென்று அடிக்கிற சக்கரத்தின் மேல் மூன்று நாள் போயிருக்கிறாள். சாயங்காலம் வந்து, நோன்பு திறந்ததும் எனக்குத் தேநீர் போட்டு, "வண்டி எப்படி?" என்று நான் மார்தட்டிக் கேட்டதற்கு "நல்லாத்தான் இருக்குங்க" என்று சொல்லியிருக்கிறாள். நான் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மாமி ஃபேனுக்கு அடியில் வியர்த்துக்கொண்டு சொன்ன அதே சொல். அன்றைக்குச் சிரித்தேனே என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷம் இதே சொல்லைத்தான் நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் "அங்க எப்படி?" என்பேன். "நல்லாத்தான் இருக்குங்க" என்பாள்.

"இன்னும் எதெல்லாம் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க?"

"சொல்லு. நோன்பு வச்சிருக்க."

மிரட்டியதாக நினைத்தாளோ என்னவோ, லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பையன் அஞ்சாவது படிக்கையில காய்ச்சல்னு சொன்னேன்ல? அது டெங்கு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில எட்டு நாள் இருந்தோம். மூணாவது நாளு டாக்டரு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அன்னைக்கி வெள்ளிக்கிழமை. நீங்க போன் பண்ணீங்க. வராண்டாவுக்கு வந்து பேசினேன்."

எனக்கு அந்தப் போன் நினைவில்லை. மற்ற வெள்ளிக்கிழமைகளைப் போலத்தான் அதுவும் இருந்திருக்கும். ஏதாவது ஜோக் சொல்லியிருப்பேன். அவள் சிரித்திருப்பாள், அந்த வராண்டாவில் நின்றுகொண்டு.

நான் அழுதேன் என்பதை எழுதத்தான் வேண்டும். ஐம்பது வயது ஆள், இடுப்பில் ஸ்பேனரோடு, வறண்ட வாய்க்காலைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். அவள் பதறிப் போய், "யாராச்சும் வந்துடப் போறாங்க" என்றாள். வரட்டும் என்றேன்.

பிறகு வண்டியைப் பார்த்தோம். வலதுபக்கம் நட்டு இல்லாமல் அச்சு சாய்ந்து, டயர் இரும்பில் உரசி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. இடதுபக்கத்து நட்டு ஒன்றுதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வயரின் மேல்தோல் உரிந்து உள்ளே செம்பு தெரிந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் உறுத்தியது. சொன்னேன். கேட்டுக்கொண்டு முகம் வெளுத்தாள். ஆனால் கேட்டுக்கொண்டாள்.

வண்டிப் பெட்டியில் கிடந்த டேப்பை எடுத்து வயரில் சுற்றினேன். சட்டைப்பையிலிருந்து வாஷரை எடுத்து, நாக்கை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து, அந்தப் பெண் கொடுத்த நட்டைப் போட்டு முறுக்கினேன். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுல ஏதாச்சும் தப்பா இருந்தா சொல்லு" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்?"

"தெரிஞ்சதச் சொல்லு."

தயங்கினாள். "இன்னும் ஒரு சுத்து வருமுங்க."

முறுக்கினேன். அரைச் சுற்று வந்தது.

"அந்தப் பிரேக்கு இழுக்குறத எடுத்துடுங்க. எனக்கு அது பிடிக்கல. மொத நாளே பிடிக்கல." அவள் குரலில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது போல இருந்தது. "வேகமும் வேணாம். நான் கேட்டது பேட்டரி மட்டுந்தான். நீங்க கேக்கவே இல்ல."

பிரேக்கிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டேன். வேகத்தைக் குறைக்கும் சுவிட்சை ஆகக் குறைவில் வைத்தேன். பைக்கில் வா என்றதற்கு, மாட்டேன், என் வண்டியில்தான் வருவேன் என்றாள். அதற்கு முன்னால் ஒரு நட்டு விடாமல் நானும் பார்க்கிறேன் என்று, முன்சக்கரம் முதல் கண்ணாடி வரை ஒவ்வொன்றையும் தொட்டு அசைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் ஒன்று லூசாக இருந்தது. அதையும் முறுக்கச் சொன்னாள்.

வழியெல்லாம் அவள் முன்னால் இருபதில் போக, நான் பின்னால் அந்தச் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தேன். அது ஆடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை அவள் பிரேக் பிடித்தபோதும் என் கை பைக்கின் பிரேக்கை இறுகப் பிடித்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது நோன்பு திறக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. மாமி வாசலிலேயே நின்றார். அவர் கண்ணில் அழுத தடம். "மத்தியானமே சொல்லிருக்கணும் மாப்ள" என்று தொடங்கினார். "ஆமா மாமி, சொல்லிருக்கணும். இனிமே சொல்லணும்" என்றேன். அவர் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

விரிப்பில் வழக்கம்போல என் இடத்தில்தான் முதலில் கஞ்சிக் கோப்பை வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வடை, பேரீச்சம்பழம். நான் உட்கார்ந்து பாங்குக்குக் காத்திருந்தேன். மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"என்னங்க இது? நகமெல்லாம் கிரீஸு. இந்தக் கையோடயா நோன்பு தெறக்கப் போறீங்க? எந்திரிச்சுப் போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க!"

மாமியின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. "அடியே!" என்று மகளை அதட்டப் போனார்.

நான் கையை உயர்த்தி மாமியைத் தடுத்தேன். கிணற்றடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து எனக்கு விழுந்த முதல் திட்டு அது. பாங்கு சொல்லத் தொடங்கிய பிறகும், இன்னொரு முறை கழுவினேன்.